நடுவிரலில் மை

அன்பு மகன் சிவப்பிரகாஷுக்கு, குலசேகரன்பட்டினத்திலிருந்து அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் போகவில்லை. அங்கே மும்பையில் நீ சுகம் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், என்னிடம் நீ பேசி ஒன்றரை வருஷம் ஆகிறது. நீ துறைமுகத்தில் நிஜமாகவே வேலை பார்க்கிறாயா என்று உன் மேனேஜருக்கே போன் போட்டு விசாரித்தவன் நான், நீ கோபப்பட்டது நியாயம்தான். போனில் பேசாமல் லெட்டர் எழுதக் காரணம் இருக்கிறது. போன் என்றால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், இந்த விஷயம் இப்போதைக்கு அவள் காதில் விழக் கூடாது. கவர் பிரித்து ஒட்டின மாதிரி இருந்தால் எழுது, தபால்காரர் மாசானத்தின் மேல் எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

நம் தொகுதியில் ஃபிராங்க்ளின் இருபத்துமூன்றே ஓட்டில் ஜெயித்ததும், தோற்ற செந்தூர்வேல் அது செல்லாது என்று ஹைகோர்ட்டில் கேஸ் போட்டதும் உனக்குத் தெரிந்திருக்கும். கேஸ் நடக்கிறது, ஃபிராங்க்ளினோ உறுதிமொழி எடுத்துச் சட்டசபையில் உட்கார்ந்து எட்டு மாசமாகிறது. இது என்ன கூத்து என்று வக்கீலிடம் கேட்டேன். அவர் ஜெயித்தது செல்லாது என்று கோர்ட் சொல்கிறவரை அவர்தான் எம்.எல்.ஏ.வாம், அதுவரை நாற்காலியைச் சும்மா வைக்க முடியாதாம். தீர்ப்பு வருவதற்குள் அஞ்சு வருஷமும் ஓடிவிடும் பார். நம் தெரு வாறுகால் அடைத்துச் சாக்கடைத் தண்ணீர் ரோட்டில் ஓடியதற்கு நானே அவரிடம்தான் மனு கொடுக்க வேண்டியிருந்தது, மாண்புமிகு என்று வேறு எழுதித் தொலைத்தேன். நாலே நாளில் ஆட்கள் வந்து சுத்தம் பண்ணிவிட்டார்கள். இவ்வளவு சீக்கிரம் எதற்குச் செய்கிறார் என்று எனக்கு அன்றைக்கே பொறி தட்டியது.

ஏனென்றால் அந்தக் கேஸில் நானும் ஒரு சாட்சி. செந்தூர்வேலின் வக்கீல் ஓட்டர் லிஸ்ட் நகலோடு நம் கடைக்கு வந்தார். ஊரில் இல்லாத முப்பத்தோரு பேருக்கு யாரோ கள்ள ஓட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று காட்டினார். உன் பேருக்குக் கீழேயும் சிவப்புக் கோடு. எனக்கு வந்த ஆத்திரத்தில், என் மகன் அன்றைக்கு மும்பையில் இருந்தான், ஊருக்கே வரவில்லை என்று அபிடவிட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

போன வாரம் செண்பகம் கடைக்கு வந்தாள், ஓட்டுப்பதிவு அன்று ஃபிராங்க்ளின் பக்கம் பூத் ஏஜென்டாக உட்கார்ந்திருந்தாளே அவள்தான். கள்ள ஓட்டுன்னு எப்படிச் சொல்லுதிய அண்ணாச்சி, சிவப்பிரகாஷ் தம்பி வந்துதான போட்டுச்சு, நான் பாத்தேம்லா என்றாள். நான் லேசில் விடுவேனா, குறுக்குக் கேள்வி போட்டேன். நடுவிரல்லலா மை வச்சாவ, தம்பிக்குத்தான் ஆள்காட்டி விரல் பாதி இல்லையே என்றாள். நம் கடை ஷட்டரில் உன் விரல் போனது ஊருக்கே தெரியும், கதை கட்ட எவ்வளவு நேரமாகும், இவளை யார் அனுப்பினார்களோ என்றுதான் அப்போதும் நினைத்தேன். போகும்போது ஒன்று சொன்னாள். அப்பா கடையிலயா வீட்டுலயான்னு கேட்டுச்சு, இன்னைக்குக் கடை லீவுலா, வீட்டுலதான்னேன், அப்படியே பஸ் ஏறிட்டு என்றாள். வந்தது நீதான். அந்தக் கேள்வியைக் கேட்க வேறு எவனும் கிடையாது.

ஒரு ஓட்டுக்காக அவ்வளவு தூரம் வந்தாயே, டிக்கெட் யார் எடுத்துக் கொடுத்தது என்று கேட்கக் கை துறுதுறுக்கிறது, கேட்கவில்லை. என் பிள்ளை ஓட்டை எந்தப் பாவி போட்டான் என்று உன் அம்மா தெருவில் நின்று வைதுகொண்டிருக்கிறாள். அந்தப் பாவி நீதான், மூன்று தெரு தள்ளிப் பள்ளிக்கூடத்துப் பூத்வரை வந்துவிட்டு வீட்டுக்கு வராமல் போனாய் என்று நான் எப்படி அவளிடம் சொல்வேன்.

வருகிற பதினெட்டாம் தேதி சென்னையில் கூண்டேற வேண்டும். அன்றைக்கு நீ ஊருக்கு வரவில்லை என்று சொன்னால் பொய்சாட்சி. வந்தான் என்று சொன்னால், நயினார் வாறுகாலுக்கு விலைபோய்விட்டான் என்று செந்தூர்வேல் ஆட்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வந்தான், நான் எழுதிக் கொடுத்தது தப்பு என்றுதான் சொல்லப்போகிறேன். மறுநாள் பேப்பரில் போட்டுவிடுவான், உன் அம்மா ஒரு வரி விடாமல் படிக்கிறவள். அதற்கு முன்னால் நீயே வந்து அவளிடம் சொல்லிவிடு.

முத்தாரம்மன் உன்னை நல்லபடியாக வைத்திருப்பாள், வேளாவேளைக்குச் சாப்பிடு. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். ரயில் லேட்டாகிவிடும் என்ற பயத்தில் நான் பதினாறாம் தேதி சாயங்காலமே கிளம்புகிறேன், பத்தொன்பதாம் தேதிதான் திரும்புவேன். அதுவரை வீட்டில் உன் அம்மா மட்டும்தான் இருப்பாள்.

இப்படிக்கு
உன் அப்பா
நயினார்