உரிமம் எழுதாமல் போன மாமாவுக்கு

பாசமுள்ள மரியசெல்வம் மாமா,

நீங்கள் போன பிறகு இரண்டாவது முறையாகத் தக்காளி வரத்து தொடங்கியிருக்கிறது. அக்கா பரவாயில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள், பள்ளிக்கூட வேலைக்குப் போய் வருகிறாள். எனக்குத்தான் உங்கள் மேல் கோபம். இல்லாதவரிடம் கோபித்துக்கொண்டு என்ன ஆகப் போகிறது என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

பாலக்கோடு மார்க்கெட்டின் அன்றைய தக்காளி விலையை, போன் செய்தால் தமிழிலும் கன்னடத்திலும் வாசித்துச் சொல்லும் புரோகிராமை எழுதினீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் உட்கார்ந்து உட்கார்ந்து எழுதியது. அந்த நிரலை யாரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டீர்கள். அதை யார் எடுக்கலாம், மாற்றலாமா, உங்கள் பெயரைப் போட வேண்டுமா என்று சொல்லும் உரிமத்தை மட்டும் போடவில்லை. ஒரு பக்கம்கூட வராது, மாமா. ஏன் விட்டீர்கள்?

பென்னாகரம் பக்கத்து விவசாயிகள் குழு ஒன்று, அதைத் தங்கள் ஊருக்குத் தகுந்தபடி மாற்றித் தரச் சொல்லி என்னிடம் வந்தது. சந்தோஷமாக மாற்றிக் கொடுத்தேன். குழுவுக்கு உதவும் வக்கீல் அம்மா ஒருவர் கேட்டார்:

"இது யாரு எழுதுனதுங்க? லைசென்ஸ் எங்க இருக்குது?"

"எங்க மாமா எழுதுனதுங்க. நெட்ல எல்லாருக்கும் தெரியறாப்பலதான இருக்குது."

"பாக்கத்தாங்க வெச்சிருக்காரு. எடுத்து மாத்திக்கலாம்னு எங்கயும் சொல்லலீங்களே. ஒண்ணும் எழுதலைன்னா உரிமை பூரா எழுதுனவருக்குத்தான். அவரு இல்லைன்னா வாரிசுங்க எழுதிக் குடுக்கணும்."

வாரிசு என்றால் உங்கள் மனைவி என்ற முறையில் அக்காவும், உங்கள் அப்பாவும். அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் தன் போனை எடுத்து நீட்டினாள்.

"மொதல்ல இதக் கேளு."

ஏதோ ஒரு பெங்களூரு கம்பெனியின் செயலி. தக்காளி விலையைச் சொன்னது. உங்கள் வார்த்தைகள், மாமா. தக்காளிக் கிரேட்டுக்கு "பொட்டி" என்று நீங்கள் வைத்ததைக்கூட மாற்றவில்லை. அவர்களும் தங்கள் நிரலைப் பொதுவில் போட்டிருந்தார்கள், போய்ப் பார்த்தேன். "இங்கே கை வைக்காதே, விலை தப்பாக வரும்" என்று நீங்கள் எழுதி வைத்த குறிப்பு அப்படியே இருந்தது. மேலே இருந்த உங்கள் பெயர் மட்டும் இல்லை.

போன் செய்தேன். பேசிய பையன் மரியாதையாகத்தான் பேசினான்.

"சார், அதுல லைசென்ஸே இல்லையே சார். ஓப்பனாத்தான இருந்துச்சு. அதான் எடுத்துக்கிட்டோம்."

உரிமம் இல்லாததால் நான் தொடக் கூடாது. அதே உரிமம் இல்லாததால் அவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். முறைப்படி நடக்க நினைத்தவன்தான் ஏமாளியா?

இன்னொன்றையும் அப்போதுதான் பார்த்தேன். எண்ணைச் சொல்லாக மாற்றும் பகுதியை மைசூர்க்காரர் ஒருவரிடமிருந்து எடுத்திருக்கிறீர்கள். அந்தப் பகுதியின் தலையில் அவர் பெயர், அவர் கொடுத்த உரிமம் முழுதும், அதில் நீங்கள் எதையெல்லாம் மாற்றினீர்கள் என்ற விவரம், எல்லாவற்றையும் பொறுமையாக எழுதி வைத்திருக்கிறீர்கள். அடுத்தவர் உழைப்புக்கு அவ்வளவு பார்த்தவர், உங்கள் உழைப்புக்கு ஏன் பார்க்கவில்லை? நம்மூரில் யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தீர்களா?

அவர் பெயரையும் கம்பெனிக்காரர்கள் அழித்திருந்தார்கள். நான் அவருக்குத் தகவல் சொன்னேன். அவர் ஒரு மெயில் போட்டார். அந்த வாரமே அவர் பெயர் திரும்ப வந்துவிட்டது. உங்கள் பெயர் வரவில்லை.

"அவருக்கு லைசென்ஸ் இருக்கு சார்," என்றான் அதே பையன்.

பழைய தவறுக்கு வழக்குப் போடலாம், இனிமேல் தொடக் கூடாது என்று கம்பெனிக்கு எழுதவும் செய்யலாம் என்றார் வக்கீல் அம்மா. நான் அதைத்தான் விரும்பினேன். கம்பெனிக்காரன் செயலி நிற்க வேண்டும், அவன் வந்து நம் வீட்டு வாசலில் நின்று கேட்க வேண்டும். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"பக்கத்துத் தக்காளிக் காட்டு கிருஷ்ணப்பா அதக் கேட்டுட்டுத்தான் பொட்டி ஏத்தறாரு. அவரயும் சேத்து நிறுத்தச் சொல்றியா?"

"அதுக்குன்னு சும்மா வுடறதாக்கா?"

"யாரு சும்மா வுடச் சொன்னா? எடுத்துக்கட்டும், மாத்திக்கட்டும், வித்துக்கூட தின்னுக்கட்டும். அவரு பேர அழிக்கக் கூடாது. அப்படி எழுதுடா."

எழுதினேன். அவளும் உங்கள் அப்பாவும் கையெழுத்துப் போட்டார்கள். உரிமம் இப்போது உங்கள் நிரலோடு சேர்ந்து இருக்கிறது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அக்கா சொன்னதற்காகப் பொறுத்துக்கொண்டேன். பென்னாகரத்தில் போன் செய்தால் தக்காளி விலை சொல்ல ஆரம்பித்துவிட்டது. அந்த நிரலின் தலையில் முதலில் உங்கள் பெயர், அடுத்து மைசூர்க்காரர், நான் மாற்றியவை அதற்குக் கீழே.

கம்பெனிக்கும் உரிமத்தை அனுப்பினேன். திரும்பத் திரும்ப மெயில் போட்ட பிறகு, செயலியில் யாரும் திறந்து பார்க்காத ஒரு மூலையில் ஒரு வரி சேர்த்தார்கள்: "நன்றி: மரியா."

அக்காவிடம் காட்டினேன்.

"உங்க மாமன் மீசையவே எடுத்துட்டானுங்களேடா," என்றாள். சிரித்தாள். நீங்கள் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, மாமா. நேற்றும் அவர்களுக்கு எழுதினேன், பதில் இல்லை. நாளைக்கும் எழுதுவேன். அவர்கள் சலித்துப்போகட்டும், நான் சலிக்க மாட்டேன். மரியசெல்வம், பாலக்கோடு என்று ஓர் எழுத்துக் குறையாமல் வரும்வரை விட மாட்டேன்.

உங்கள் வீட்டுக்காரியின் தம்பி, உங்கள் மச்சினன்,
அருள்