ஆறாம் வகுப்புக் கணக்கில் நான் தோற்றது

நாரின்,
பிப்ரவரி 9

அன்புள்ள குல்பைராவுக்கு,

ஷர்ஷென் எழுதுவது. நானும் மேரிமும் நலம். பசுவும் நலம், மார்ச்சில் கன்று போடும். கசான் குளிரில் உனக்குச் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும்.

தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று பயந்துவிடாதே. போனை எடுத்தாலே உன் மகள் என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். இது உன்னிடம் சொல்லக் கூடாதென்று அவள் என்னிடம் சத்தியம் வாங்கிய விஷயம். சொல்லத்தானே கூடாது, எழுதலாம். எசென் அண்ணன் தன் மகனைப் பார்க்க அங்கே வருகிறார். அவர் பையில் உனக்கு இரண்டு கிலோ குருத், உப்புப் போட்டுக் காயவைத்த தயிர் உருண்டை, வைத்திருக்கிறேன். வழியில் அவர் தின்றது போக மிச்சத்தை வாங்கிக்கொள்.

அடுப்புக் குழாயை மாற்றிவிட்டேன், இப்போது வீட்டுக்குள் புகை இல்லை. லாரிதான் இந்தக் குளிரில் காலையில் எழுந்திருக்க மறுக்கிறது. அடியில் நெருப்புக் காட்டி எழுப்புகிறேன். நிலக்கரி இறக்கிவிட்டு நாலு மணிக்கு வந்துவிடுவேன். வந்ததும் தேநீர். தேநீர் முடிந்ததும் மேரிமுக்குக் கணக்கு.

புறப்படும்போது, பெண்ணின் படிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாய். பார்த்துக்கொண்டேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நான் படித்த கணக்கில் இரண்டே இரண்டு விஷயம்தான் நினைவில் இருந்தது. ஒன்று, மைனஸும் மைனஸும் சேர்ந்தால் பிளஸ். இன்னொன்று, பின்னங்களைக் கூட்டும்போது மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்ட வேண்டும். இந்த இரண்டை வைத்துக்கொண்டு ஐந்து மாதம் பாடம் நடத்தினேன். மேரிம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டு, நான் சொன்னபடியே எழுதினாள். வீட்டுப்பாட நோட்டில் சிவப்பு மையில் ஐந்துக்கு இரண்டு, ஐந்துக்கு இரண்டு என்றே வந்துகொண்டிருந்தது. ஜிபார் டீச்சருக்குப் பழைய முறையெல்லாம் தெரியாது என்று மேரிமிடமே சொன்னேன். ஆமாம் அப்பா என்றாள்.

ஜனவரியில் பெற்றோர் கூட்டம். பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம், ஒரு இருபது பேர். வகுப்பறைத் திரைச்சீலையை எந்த வீட்டில் துவைப்பது என்று பேசுவார் என்று நினைத்தால், ஜிபார் டீச்சர் ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார்.

"வீட்டுப்பாடத்தை யார் போடறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். இருபது நிமிஷம். பக்கத்துல எட்டிப் பாக்காதீங்க" என்றார்.

எனக்குப் பக்கத்தில் கசாப்புக் கடை தைலாக். தன் தாளைத் தொப்பியால் மூடிக்கொண்டான். ஒரு கண்ணால் பார்த்தேன். மூடி வைக்க அதில் ஒன்றுமே இல்லை.

தாள்களை வாங்கி அங்கேயே திருத்தினார். பேர் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். முதல் கேள்வி, காலையில் மைனஸ் இருபத்தைந்து டிகிரி, சாயங்காலத்துக்குள் இன்னும் ஐந்து டிகிரி குறைந்தது, இப்போது எவ்வளவு. "ஒருத்தர் பிளஸ் முப்பதுன்னு போட்டிருக்கார். நாரின்ல எந்தத் தெருன்னு சொன்னா, நாமளும் சட்டையைக் கழட்டிட்டு அங்க குடிபோயிடலாம்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், குறைவாகச் சிரித்தால் தெரிந்துவிடுமே என்று கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். அடுத்து பின்னம். "இதே ஆள், அரை ரொட்டியோட மூணுல ஒரு பங்கு ரொட்டியைச் சேர்த்து அஞ்சுல ரெண்டு பங்குங்கறார். அரை ரொட்டியை விட அது கம்மி. சேக்கச் சேக்கக் குறையுது. நடுவுல யார் தின்னதுன்னு தெரியல." தைலாக் என் தோளைத் தட்டி, "நீதானேடா?" என்றான், கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி.

கூட்டம் முடிந்ததும் டீச்சர் என்னை நிறுத்திக்கொண்டார். மேரிமின் இரண்டு நோட்டுகளை மேஜையில் விரித்தார். வகுப்பில் போட்ட கணக்கெல்லாம் ஐந்துக்கு ஐந்து. வீட்டில் போட்டதெல்லாம் இரண்டு. வீட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் சரியான விடைகள், ஒன்று விடாமல். முன்பக்கத்தில் மையால் என் விடைகள். ஏழாம் வகுப்புக்குக் கணக்குக்கென்று தனி வகுப்பு வரப் போகிறதாம். பன்னிரண்டே இடம். வீட்டுப்பாட மதிப்பெண்ணையும் சேர்த்துத்தான் பட்டியல் போடுவார்களாம். இந்த இரண்டுகளோடு மேரிம் பெயர் அதில் வராதாம்.

வீட்டுக்கு வந்து அவளைக் கேட்டேன். கோபமாகக் கேட்க வேண்டும் என்றுதான் வழியெல்லாம் பழகிக்கொண்டு வந்தேன்.

"தெரிஞ்சுகிட்டே ஏம்மா தப்பா எழுதுன?"

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "அம்மா போனதுலேருந்து நீங்க சாப்பிடும்போதுகூடப் பேசறதில்லப்பா. கணக்குச் சொல்லித் தரும்போது மட்டும்தான் பேசறீங்க. நானே சரியாப் போட்டுட்டா, நீங்க எந்திரிச்சு லாரியைப் பாக்கப் போயிடுவீங்க."

நான் எழுந்து லாரியைப் பார்க்கத்தான் போனேன், குல்பைரா. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தேன். நாங்கள் இருவரும் உருளைக்கிழங்கு சாப்பிட்டோம். பேசிக்கொண்டேதான் சாப்பிட்டோம்.

மறுநாள் லாரியை எடுக்கவில்லை. நேரே தலைமையாசிரியரிடம் போனேன். வாயால் சொன்னால் நடக்காது, எழுத்தில் விளக்கம் வேண்டும் என்றார். எழுதினேன்: 'லாரி ஓட்டுநரும் மேரிமின் தகப்பனுமாகிய ஷர்ஷென், சுயநினைவோடு எழுதிக் கொடுப்பது. செப்டம்பர் முதல் ஜனவரி வரை என் மகளின் வீட்டுப்பாட நோட்டில் உள்ள பதினேழு இரண்டுகளும் எனக்குச் சேர வேண்டியவை. மகளுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.' அவர் இரண்டு முறை படித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பாஸ்போர்ட் எண்ணையும் எழுதச் சொல்லி, முத்திரை குத்தினார். ஆக, நான் ஆறாம் வகுப்பில் தோற்றது இப்போது அலுவலகப் பதிவாகிவிட்டது.

மேரிமுக்குத் தனியாக ஒரு தேர்வு வைத்தார்கள். இருபது கணக்கு. நான் ஜன்னல் பக்கம் நின்றால் குழந்தை குழம்பிவிடும் என்று ஜிபார் டீச்சர் என்னைக் கோட்டு மாட்டும் இடத்துக்கு விரட்டிவிட்டார். அங்கே சின்னச் சின்னக் கோட்டுகளுக்கு நடுவில் ஒரு மணி நேரம். உன் பிரசவத்தின்போதுகூட என் உள்ளங்கை அப்படி வேர்க்கவில்லை.

வெளியே வந்தவள், பத்தொன்பது சரி, ஒன்று தப்பு என்றாள். அதுவும் எனக்காகவா என்று கேட்டேன்.

"இல்லப்பா, இது என்னோடது."

போன வாரம் பட்டியல் ஒட்டினார்கள். பத்தாவது பெயர் உன் மகளுடையது. இதை அவளே உன்னிடம் போனில் சொன்னாள். நீ அழுததை நான் பார்த்தேன். ஆனால் அவள் சொல்லாமல் விட்டதுதான் இந்தக் கடிதம்.

தோற்ற பெற்றோருக்குச் சனிக்கிழமை மறுதேர்வு நடந்தது. மேரிம்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். பொறுமை உன்னுடையது, குரல் என்னுடையது. ரொட்டியை ஆறாக வெட்டி, மூன்று துண்டையும் இரண்டு துண்டையும் என் முன்னால் வைத்து, இப்போது கூட்டுங்கள் என்றாள். ஆறில் ஐந்து. இத்தனை வருடம் இது எனக்குத் தெரியாமல் எப்படி நிலக்கரி ஏற்றினேனோ. மறுதேர்வில் மூன்று வாங்கிப் பிழைத்தேன். தைலாக் இன்னும் இரண்டிலேயே இருக்கிறான். நான் அவனைப் பார்த்து எழுதினேன் என்று சந்தையெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

நேற்று நீ, தையல் கூடத்தில் இன்னும் ஒரு வருடம் வேலை பார்க்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள், என்ன செய்யட்டும் என்றாய். மேரிம் உடனே, போடுங்கள் அம்மா, இங்கே ஒரு குறையும் இல்லை என்றாள். நானும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினேன். அவள் சொன்னதை நம்பி எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதே. அவளுக்குத் தெரிந்தே தப்பாகச் சொல்லும் வழக்கம் உண்டு. அது யாரிடமிருந்து வந்தது என்று மட்டும் என்னைக் கேட்காதே.

உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். ஏப்ரலில் வீட்டுக்கு வரும் பாதையில் பனி இருக்காது.

உன்,
ஷர்ஷென்