பின்பாதித் தளபதிக்கு

மச்சான்,

இன்று காலை என் மனுசி திரேசம்மா அந்தச் சிவப்பு வெல்வெட் மேலங்கியைச் சலவைக்குக் கொடுக்கவென்று ஒரு பையில் திணித்துக்கொண்டிருந்தாள். "பொறும், பொறும்" என்று பறித்தெடுத்துக் கழுத்துப் பட்டியில் மூக்கை வைத்துப் பார்த்தேன். பூச்சி உருண்டை மணத்துக்கு அடியில் தேங்காயெண்ணெய், முகத்துக்குப் பூசுகிற முத்துவெள்ளை, வியர்வை. அது உன் மணம். உன் மனைவி அக்கினேஸ் இதைக் கொடுத்தனுப்பி ஒரு மாதமாகிறது. போன கிழமை நான் இதைப் போட்டுக்கொண்டு ஒரு முழுக் கூத்து ஆடியுமிருக்கிறேன். அதற்கு முன்னும் ஒவ்வொரு வருசமும் உன்னளவுக்கு நானும்தான் போட்டேன். என் மணத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. செத்த பிறகும் இடம் விடமாட்டாய் போலிருக்கிறது.

எனக்கு எழுத்துத் தெரியாதென்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். "அப்பா, செத்த மனுசனோடை சண்டை பிடிக்கிறியளோ?" என்று கேட்கிறாள். எழுது பிள்ளை என்றிருக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் இருவரும் வந்து விழுந்தது இலண்டனில் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில். படுக்கைவிரிப்பின் ஒரு முனையை நீ பிடிப்பாய், மறுமுனை எனக்கு. மடித்துக்கொண்டே கிட்ட வந்து, கையில் கொடுத்துவிட்டு, மறுபடி விலகிப்போக வேண்டும். அந்த வேலையும் ஒரு ஆட்டம் மாதிரித்தான் இருந்தது. அங்கேதான் அண்ணாவியார் எங்களைத் தேடி வந்தார். ஊரில் எங்களுக்குக் கூத்துப் பழக்கியவர் அவர். இங்கே கிங்ஸ்பரியில் மகன் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"கோலியர்ஸ் வுட்டிலை ஒரு கோயில் மண்டபம் கேட்டிருக்கிறன். பின்னேரம் மட்டும்தானாம். தளபதி கூத்துப் போடுவம். வாறியளோ, இல்லை வெள்ளைக்காரன்ரை சீலைதான் மடிக்கப் போறியளோ?" என்றார்.

அந்தக் கதையை உனக்குச் சொல்லத் தேவையில்லை. என்றாலும் என் வாயால் ஒருமுறை சொல்ல ஆசையாயிருக்கிறது. ஒரு நாட்டில் அரசன் மந்திரத்தைத் தடைசெய்கிறான். மந்திரம் சொன்னவனுக்குச் சிரச்சேதம். ஆனால் தனக்கு வயிற்றுவலி வந்தால் அந்த அரசனே பின்கதவால் மந்திரவாதியைக் கூப்பிட்டு நூல் கட்டுவிக்கிறான். பின்கதவில் காவல் நிற்பவன் தளபதி. எல்லாம் அறிந்தவன், வாய் திறக்காதவன். ஒருநாள் அவனுடைய தம்பி, பாம்பு கடித்த ஏழைக் குழந்தையொன்றுக்கு விஷம் இறங்க மந்திரம் சொல்லிவிடுகிறான். குழந்தை பிழைக்கிறது. தம்பியைப் பிடித்துவரத் தளபதிக்கே ஆணை வருகிறது. முன்பாதியில் தளபதி தம்பியைக் கயிற்றால் கட்டிக் கொண்டுவந்து அரசன்முன் நிறுத்துகிறான். பின்பாதியில் சிறைக்கதவைத் திறந்து அவனை அனுப்பிவிட்டு, விலங்கைத் தன் கையில் மாட்டிக்கொள்கிறான்.

எங்கள் கரையோரத்துக் கூத்தில் ஒரு பாத்திரத்தை இரண்டுபேர் பங்குபோட்டு ஆடுவது வழக்கம். விடியவிடியப் பாட ஒரு தொண்டை போதாது. முன் அரசன், பின் அரசன் என்று இருப்பதுபோல முன் தளபதி, பின் தளபதி. இலண்டனில் கூத்து ஒரு பின்னேரத்துக்குள் சுருங்கிவிட்டது, ஒரே ஆள் பாடி முடிக்கலாம். அண்ணாவியார் விடவில்லை. என்னை முன் தளபதி என்றார், உன்னைப் பின் தளபதி என்றார்.

"ஏன் எனக்கு முன்பாதி?" என்று கேட்டேன்.

"உனக்குக் கட்டளைக் குரல். அவனுக்கு உருகிற குரல். ஆளுக்குப் பாதி, ஆனால் தளபதி ஒராள்தான். சண்டை பிடியாதையுங்கோ."

நீ கீழே பார்த்துக்கொண்டிருந்தாய். கிடைத்தவன் கீழே பார்ப்பது சுலபம்.

பாட்டுக்கொப்பி உன்னிடம் இருந்தது. நீ சலவைக்கூடத்து இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலாக வாசிப்பாய். நான் காதால் வாங்குவேன். இரண்டாம் தரம் நீ வாசிக்க வேண்டியிருந்ததில்லை. நீதான் உன் பாதியைக் கொப்பியைப் பார்த்துப் பார்த்துத் தடக்கிப் பாடமாக்கினாய். நான் என் பாதியோடு உன் பாதியையும் சேர்த்துப் பாடமாக்கினேன். அண்ணாவியார் மனம் மாறினால் ஆயத்தமாக இருக்க வேண்டுமல்லவா? அவர் மாறவேயில்லை.

முதல் அரங்கேற்றத்தில் நான் தவறு ஒன்றும் விடவில்லை. "அரசன் ஆணைக்கு அண்ணன் தம்பி ஏதடா, கையை நீட்டடா" என்று நான் பாடியபோது மண்டபத்தில் சத்தமில்லை. கயிற்றைச் சுற்றி இழுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் வந்தேன். அங்கே நீ உள்பெனியனோடு நின்றாய். இருவருக்கும் ஒரே மேலங்கி. நான் கழற்ற நீ கையை நுழைத்தாய். நான் இடுப்புப் பட்டியைக் கட்டிவிட்டேன். "சுடுகுதடாப்பா, இதுக்குள்ளை சோறு வடிக்கலாம்" என்று சிரித்துக்கொண்டு போனவன், வெளியே போய் ஊரையே அழவைத்தாய். "பூட்டைத் திறக்கிறேன் தம்பி, போய்விடு" என்று நீ தொடங்கியதும் முன்வரிசைப் பெண்கள் சேலைத் தலைப்பை எடுத்தார்கள். மண்டபத்துக் காவலாளி வெள்ளைக்காரன், நேரமாகிவிட்டதென்று சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வந்தவன், குலுக்குவதை நிறுத்திவிட்டு நின்று கேட்டான். தமிழே தெரியாதவன்! நான் பாடும்போது அவன் எங்கே நின்றான்? வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றான்.

அதற்குப் பிறகு ரூட்டிங் கடைத்தெருவுக்குப் போகவே எனக்குப் பிடிக்கவில்லை. மீன்கடைக்காரன் உனக்கு இறாலை நிறுத்தபிறகு ஒரு பிடி மேலே போடுவான். என்னைக் கண்டால், "ஐயோ, கயிறு கொண்டு வாறார், தம்பி உள்ளவையள் ஒளியுங்கோ" என்பான். வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிக்க வேண்டும். என் வீட்டுக்குள்ளேயும் அதுதான். திரேசம்மா ஆட்டுக்கறி காய்ச்சினால் ஒரு கிண்ணம் உனக்குப் போகும். "அந்த மனுசன் அழுத அழுகைக்குக் குடுக்கத்தானே வேணும்." "நான் பாடினதுக்கு?" என்று கேட்டால், "நீங்கள் நல்லாத்தான் கட்டினியள்" என்பாள். நல்லாத்தான் கட்டினேனாம். பார்சல் கட்டுகிறவனுக்குச் சொல்வது மாதிரி.

உன்னிடம் நேரே சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன், மச்சான். என் பாதிதான் கடினமான பாதி. பின் தளபதிக்கு எல்லாம் பாட்டிலேயே இருக்கிறது. அழலாம், பூட்டைத் திறக்கலாம், சபை உன் பக்கம். முன் தளபதிக்கு அப்படி ஒரு வரியும் இல்லை. அரசன் கள்ளன் என்று அவனுக்குத் தெரியும். தம்பி குற்றவாளியில்லை என்றும் தெரியும். உண்ட சோறு ஒரு பக்கம், ஒரே வயிற்றில் பிறந்தது மறுபக்கம். அதை வைத்துக்கொண்டு கட்டளைக் குரலில் பாட வேண்டும். ஒரு சொல் உருகினாலும் கூத்துக் கெட்டுவிடும். நான் அதைக் கயிறு பிடித்த கையில் காட்டினேன். யார் என் கையைப் பார்த்தார்கள்? எல்லோரும் அடுத்த பாதியில் நீ எப்போது வருவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தொண்ணூறுகள் வந்தன. எனக்கு முழங்கால் பிடிக்கத் தொடங்கியது. ஒரே ஒருதரம் பின்பாதியை ஆடிவிட்டால் போதும் என்றிருந்தது. அண்ணாவியாரிடம் கேட்டேன். "அவன் சம்மதிச்சால் மாத்துங்கோ, எனக்கென்ன" என்றுவிட்டார். அன்று பழக்கம் முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது உன்னிடம் கேட்டேன். நினைவிருக்கும்.

"மச்சான், வாற முறை ஒருக்கா மாத்துவம். நீ முன், நான் பின்."

"ஏலாது."

"ஒருக்காத்தானே கேக்கிறன்."

"ஏலாது எண்டால் ஏலாது."

"உனக்கு இறால் குறைஞ்சிடும் எண்ட பயமோ?"

நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். நீ சிரிக்கவில்லை. பஸ் வந்தது. நீ ஏறவில்லை, நானும் ஏறவில்லை. பிறகு சொன்னாய்.

"என்ரை தம்பியைக் கொண்டுபோனது உனக்குத் தெரியும்தானே. எப்பிடிக் கொண்டுபோனவங்கள் எண்டு தெரியாது. வாசலிலை நாங்கள் ரெண்டுபேரும் நிண்டனாங்கள். அவங்களுக்கு அவன்ரை முகம் தெரியாது. இவன் உன்ரை தம்பியோ எண்டு என்னைக் கேட்டாங்கள். நான் ஓம் எண்டன். அவ்வளவுதான் மச்சான். ஓம் எண்டன். பிறகுதான் பிடிச்சவங்கள். என்னாலை அந்தக் கயிறைத் தொடேலாது. கூத்திலையும் ஏலாது. வருசத்திலை ஒருநாள் கதவைத் திறந்து விடுறன், அதையும் நீ கேக்கிறாய்."

யார் கொண்டுபோனார்கள் என்று நீ சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. அந்த நாட்களில் இராணுவமோ இயக்கமோ, வருகிறவர்கள் மாறுவார்கள், கேள்வி மட்டும் மாறாது. "இல்லை, ஆரோ ஒரு பொடியன்" என்று சொல்லியிருந்தால் உன்னையும் சேர்த்துக் கொண்டுபோயிருப்பார்கள் என்று சொன்னேன். நீ தலையை ஆட்டினாய். அடுத்த பஸ்ஸில் ஏறி வந்தோம்.

அதோடு என் பொறாமை அடங்கியிருக்க வேண்டும். நல்ல மனுசன் என்றால் அடங்கியிருக்கும். எனக்கு அடங்கவில்லை. அடுத்த முறை திரைக்குப் பின்னால் உனக்கு அங்கியை மாட்டிவிட்டுக்கொண்டு நான் நினைத்தது என்ன தெரியுமா? இவனிடம் அழுவதற்குச் சாமான் இருக்கிறது, நான் எங்கே போய்க் கொண்டுவருவது என்றுதான். எனக்குத் தம்பியே இல்லை. நான் தனிப்பிள்ளை. இனி அந்தப் பாதியைக் கேட்கவும் முடியாது, விடவும் முடியாது. கேட்பதற்கிருந்த வழியையும் நீ அடைத்துவிட்டாய்.

போன குளிர்காலத்தில் நெஞ்சுவலி வந்து நீ செத்துப்போய்விட்டாய். செத்தவீட்டில் சனம் நிற்க இடமில்லை. என் செத்தவீட்டுக்கு இவ்வளவு பேர் வருவார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். பெட்டியை மூடுமுன் உன் பாதிப் பாட்டை யாரோ தொடங்க எல்லோரும் பாடினார்கள். நானும் பாடினேன். ஆயத்தமாகத்தானே இருந்தேன் இவ்வளவு காலமும்.

பிறகு அண்ணாவியார் கூப்பிட்டார். "கிழக்கு லண்டன் பார்க்கிங்கிலை மண்டபம் எடுத்தாச்சு. பின்பாதிக்கு வேறை ஆள் இல்லை. நீயே ரெண்டையும் பாடு. அங்கி மாத்திற நேரமும் மிச்சம்." பகிடிக்குத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அவரே சிரிக்கவில்லை.

அக்கினேஸிடம் போய்க் கேட்டேன். உன் பாதியை நான் எடுக்கலாமோ என்று. "நீங்கள் எடுக்காட்டி ஆர் எடுக்கிறது? அவர் உங்களைத்தானே சொல்லுவார், ரெண்டு பாதியும் தெரிஞ்ச ஒரே ஆள் எண்டு" என்றாள். அப்படியென்றால் உனக்குத் தெரிந்திருக்கிறது. நான் உன் பாதியையும் விழுங்கி வைத்திருக்கிறேன் என்று தெரிந்துகொண்டுதான் இவ்வளவு காலமும் எனக்கு வாசித்துக் காட்டினாய்.

போன கிழமை பாடினேன். தம்பியைக் கட்டி இழுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் வந்தேன். கையை நீட்டிக்கொண்டு நிற்க அங்கே ஒருவரும் இல்லை. கழற்றத் தூக்கிய கையை இறக்கிக்கொண்டு அப்படியே திரும்பிப் போனேன். வலது கையில் கயிறு அறுத்த தடம் இன்னும் சிவந்திருந்தது. அந்தக் கையால்தான் பூட்டைத் திறந்தேன். உன் கை ஒருநாளும் அப்படி இருந்ததில்லை, மச்சான். நீ கட்டாத கையோடு வந்து திறந்தாய். கட்டிய கை திறக்கும்போது நடுங்குகிறது. அது பழகி வருகிற நடுக்கமில்லை. சபை அழுதது. அண்ணாவியார்கூட மூக்கைச் சிந்தினார். இதோ, கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

ரயிலில் திரும்பி வரும்போது திரேசம்மாவின் கண் வீங்கியிருந்தது.

"அழுதனீரோ?"

"ஓம்."

"ஆரை நினைச்சு?"

அவள் யன்னல் பக்கம் திரும்பினாள். இரண்டு ஸ்டேஷன் போனபிறகு சொன்னாள்: "நல்லாத்தான் பாடினியள். ஆனால் அந்த மனுசன் எண்டால் 'தம்பி' எண்ட சொல்லை இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கும்."

பார்த்தாயா? முழுத் தளபதியும் இப்போது நான்தான், அதிலும் உன் பங்கு குறையவில்லை.

அவள் சொன்னது சரி. அதுதான் எரிகிறது. இப்போது தினமும் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அந்த ஒரு சொல்லைப் பழகுகிறேன். பக்கத்து வீட்டுக்காரி சுவரில் தட்டுகிறாள், தட்டட்டும். நீ இழுத்த நீளத்துக்கு இழுக்கப் பார்க்கிறேன், நடுவழியில் மூச்சு முடிந்துவிடுகிறது. உன் பாட்டில் ஒரு எழுத்துப் பிசகாமல் என்னிடம் இருக்கிறது. நீ மூச்சு எடுத்த இடம் மட்டும் இல்லை. எத்தனை வருசம் திரை ஓரத்தில் நின்று, உன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். நீ எடுத்ததை நான் காணவில்லை. எங்கேயடா எடுத்தாய்?