உள்ளேயும் சாவி கேட்கிற பூட்டு

என் மகள் மிளகுக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கு உடம்பில் குறை ஒன்றும் இல்லை, முழங்கால் மட்டும் தன் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறது, நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். முதலில் வாசல் கதவுக்குப் புதுப் பூட்டு வந்த அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன், ஏன் என்பது போகப் போக விளங்கும். செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால். சோபாவில் உன் அண்ணன், வேலைக்கு லீவு போட்டுவிட்டு, மடியில் கைபேசி. பக்கத்தில் அண்ணி, அவளும் லீவு, ஈரத்தலையில் பச்சைத் துண்டு. ஜன்னலோரம் அடுத்த வீட்டுத் தையல்காரம்மா, உதட்டில் மூன்று குண்டூசி. பேத்தி தரையில், ஒரு காலில் மட்டும் சாக்ஸ். வாசலில் பூட்டுக்காரர், கையில் துளை போடுகிற மெஷின். டிவியில் நீ, நீலச் சட்டை, இடது கைப் பொத்தான் போடாமல். அடுப்படி நிலைப்படியில் நான். ஆக ஏழு பேர். ஞாபகம் போய்விட்டது என்று இந்த வீட்டில் எல்லோரும் சொல்கிற கிழவிதான் இதைச் சொல்கிறேன்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக நீ தமிழில் பேசியதால் எனக்கும் புரிந்தது. கோடானுகோடி நட்சத்திரம் சேர்ந்த கூட்டம், அதன் நடுவில் ஒரு கருந்துளை, அதற்குள் விழப்போகிற பண்டம் விழுவதற்கு முன்னால் சூடேறிக் கொதித்து, கூட்டத்தில் உள்ள அத்தனை நட்சத்திரமும் சேர்ந்தாலும் ஈடாகாத வெளிச்சம் போடும் என்றாய். சுற்றியிருக்கிற வாயு ஆறி ஒன்றுகூடினால்தான் புது நட்சத்திரம் பிறக்குமாம், இந்த வெளிச்சம் அதை ஆறவே விடாதாம், கொஞ்சத்தை வெளியே பிடித்துத் தள்ளவும் செய்யுமாம். அத்தை சொல்ற வாயு அப்பாவுக்கும் இருக்கு பாட்டி என்றாள் பேத்தி, தையல்காரம்மா சிரித்துக் குண்டூசியை விழுங்கப் பார்த்தாள். அப்போது ஒரு பையன் எழுந்து, தள்ளின வாயு எல்லாம் தப்பிச்சிடுமா என்று கேட்டான். நிறைய தப்பாதுப்பா, வேகம் போதாது, கொஞ்ச தூரம் போய்த் திரும்பி விழுந்துடும் என்றாய். அந்த வார்த்தை முடியுமுன் வாசலில் மெஷின் கர்ரென்று கதவில் இறங்கியது.

அந்தப் பூட்டு ஏன் வந்தது என்றால், போன மாதம் ஏழாம் தேதி பால் தீய்ந்து வீடெல்லாம் புகை. பாலை அடுப்பில் வைத்தது நான் இல்லை. நான் நூல்கண்டு வாங்கக் கடைக்குப் போனபோது அடுப்பு அணைந்துதான் இருந்தது. அண்ணி வைத்தாள், வைத்துவிட்டுத் தலைக்கு ஊற்றிக்கொள்ளப் போனாள். நான் நூல்கண்டோடு திரும்பி வந்தால் எல்லோர் கண்ணும் என் மேல். அத்தை மறந்துட்டாங்க என்றாள் அவள். நான் வைக்கவே இல்லையே என்றேன். பாரு, வச்சதே மறந்துபோச்சு என்றான் உன் அண்ணன். நான் மறுக்க மறுக்க அதுவே எனக்கு எதிரான சாட்சியாகப் போயிற்று மிளகு. அடுப்பை மறந்தவள் வெளியே போனால் வீட்டுக்கு வழியையும் மறந்துவிடுவாளாம், அதற்குத்தான் பூட்டு. இந்தப் பூட்டுக்கு வெளியே மட்டுமில்லை, உள்ளேயும் சாவி வேண்டும். இரண்டு சாவி, ஒன்று அவனிடம், ஒன்று அவளிடம். காலை ஒன்பதுக்கு வேலைக்குப் போகிறார்கள், ஐந்தரை வரை நான் உள்ளே. வாசல் வரை நடக்கிறேன், கைப்பிடியைத் தொடுகிறேன், திரும்பி அடுப்படிக்கு வருகிறேன், மறுபடி வாசல். பதினான்கு எட்டு நடை. வீடு தீப்பிடிச்சா என்னடா பண்ணுவேன் என்று கேட்டேன், அதுக்குத்தானேம்மா கேஸையும் மூடிட்டுப் போறோம் என்கிறான். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது கைபேசியை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நடுவில் வைத்துவிடுகிறார்கள், அதனால்தான் நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன் என்றே சொல்கிறேன். இந்தக் கடிதம் ஜன்னல் கம்பி வழியாகத் தையல்காரம்மா கைக்குப் போய் அங்கிருந்து தபாலுக்குப் போகிறது.

யார் மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்றும் கேட்டுக்கொள். பூட்டுக்காரர் தன் வேலையைச் செய்தார், விழுந்த தூளையும் கூட்டி அள்ளிவிட்டுத்தான் போனார். பேத்தி குழந்தை. தையல்காரம்மா அன்றைக்கு எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை, உதட்டில் ஊசி என்று சாக்கு சொல்கிறாள், கடிதம் கொண்டுபோகிறதில் அது கழிந்தது. உன் அண்ணன் பிறந்ததிலிருந்து பயந்தாங்கொள்ளி, பயத்தில் செய்தான். அண்ணிக்குச் சோறு பரிமாறுவேன், முகம் பார்க்க மாட்டேன், அதுவும் ஆறு மாதத்துக்குத்தான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்ற என்னையும் விட்டுவிட்டேன். ஆனால் நீ பேசி முடித்ததும் அண்ணன் டிவியை அணைத்துவிட்டு, அவகிட்டயும் கேட்டுட்டேன், சரிண்ணா நீங்க பாத்துச் செய்யுங்கன்னுட்டா என்றான். உன் வாய்ப்பாட்டுப் புத்தகம் மழையில் ஊறிப்போன வருஷம், பதினாறாம் வாய்ப்பாடு வரை என் வாயைப் பார்த்துத்தானே படித்தாய். பரீட்சை எண்ணை மறந்து பள்ளிக்கூட வாசலில் நீ அழுதபோது நாற்பதாயிரத்து அறுநூற்று எழுபத்திரண்டு என்று சொன்னது யார். எட்டாத தூரத்து வாயு நம் பக்கம் வருகிறதா விலகிப் போகிறதா என்று அதன் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்ப்பாயாம், மூன்று தரம் சரிபார்க்காமல் ஒரு வரி எழுத மாட்டாயாம், டிவியில் நீதான் சொன்னாய். பாலை வச்சது யாரும்மா என்று ஒரு தரம் என்னைக் கேட்டாயா.

நீ நூறு வயது நன்றாக இரு, உன் படிப்பு மேலும் மேலும் ஓங்கட்டும், குளிரில் காதை மூடிக்கொண்டு போ. இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, அம்மாவுக்கு ஒரு சாவி கொடுங்கண்ணா என்று சொல், மறக்காதே. நடுவில் வெளிச்சம் அணைந்த பிறகும், அந்தச் சேதி போய்ச் சேராமல் தூரத்து வாயு ஆயிரக்கணக்கான வருஷம் மின்னிக்கொண்டே இருக்கும் என்றாயே, என் கோபமும் அந்த ரகம்தான், சாவி கைக்கு வந்தாலும் உடனே ஆறாது.

இப்படிக்கு,
ஒன்றையும் மறக்காத உன் அம்மா.

ஏழு பேரில் ஆறு பேரை மன்னித்துவிட்டேன். மன்னிக்காதது ஒருத்தியைத்தான். மிளகு.