பாக்கெட்டைப் பார்த்தவள்

அன்பு மகளுக்கு,

லாண்டரியை அரைநாள் பூட்டிவிட்டு உன் படத்துக்குப் போனேன். பறந்து பறந்து ஊரைக் காப்பாற்றுகிற அந்த ஹீரோ சுத்த வெத்துவேட்டு! வெடிகுண்டின் ரிமோட் தன் பாக்கெட்டில் இருப்பதுகூடத் தெரியாமல் அங்கியைச் சலவைக்குப் போடுகிறான். லாண்டரிக்காரியாக வந்த நீதான் தண்ணீரில் முக்குமுன் துழாவி எடுத்தாய்.

"பறக்கத் தெரியுது, பாக்கெட்டைப் பாக்கத் தெரியலயா?"

தியேட்டரே அதிர்ந்தது. தினமும் நான் வாடிக்கையாளர்களைத் திட்டுகிற அதே திட்டு! இடுப்பில் கை வைத்த விதம்கூட என்னுடையதுதான்.

பக்கத்து சீட்டுக்காரர், "இந்தப் பொண்ணு இல்லேன்னா படமே இல்ல சார்" என்றார்.

"என் பொண்ணுதான்" என்றேன். கேட்காத முன்வரிசைக்கும் சொன்னேன்.

நடிக்கப் போகிறேன் என்று நீ கிளம்பியபோது, ஹீரோவுக்குப் பின்னால் நிற்கவா போகிறாய் என்று நான்கு வருஷத்துக்கு முன்பு கத்தினேன். அன்று நீ எனக்காக வைத்துவிட்டுப் போன புதுச்சட்டையை இன்றுதான் பிரித்தேன். பாக்கெட்டில் உன் முதல் நாடகத்தின் டிக்கெட் இருந்தது. பின்பக்கம், 'அப்பாவுக்கு, முன்வரிசை' என்று எழுதியிருந்தாய்.

ஊரையெல்லாம் திட்டுகிற நான், என் பாக்கெட்டைப் பார்க்கவில்லை.

சட்டையைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அளவு கச்சிதம். அடுத்த படத்துக்கு இதிலேயே வருகிறேன்.

இப்படிக்கு,
லாண்டரிக்காரியின் அப்பா