வளைவோடு நின்ற பால்குடம்

மதினி,

இன்று கேகாலையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் மடியில் ஒரு புதுத் தோல் பை இருந்தது. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நம் லயத்து வரிசை வீட்டில் உங்கள் காம்பரா அறைக்குள் நுழைந்த மாதிரி ஆகிவிட்டது. தோலும் மெழுகுதிரியும் ரப்பர் பாலும் கலந்த வாசம் அங்கேதான் இருந்தது. கேட்காமலே பையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். மிஷின் தையல். அந்தப் பெண் பையை இழுத்து அணைத்துக்கொண்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அந்த நேரம் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்ததென்னவோ ஆத்திரம்தான்.

போன ஞாயிறு நீங்கள் போய் முப்பத்தோராம் நாள். படையல் முடிந்து பந்தி போட்ட நேரம், கோயில் கமிட்டித் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். "மாரியம்மா மேல அவுகளுக்கு இருந்த பக்தி யாருக்கு வருமுங்க? அவுக பால்குடத்த நாங்க ஒருநாளும் தடுத்ததில்ல" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். உங்கள் படையல் சோற்றிலேயே மறைத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டேன். நீங்கள் எழுந்து வந்து பதில் சொல்லமாட்டீர்கள் என்ற தைரியம் அவருக்கு! நான் இருக்கிறேனே, மதினி. நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

ரப்பர் பால் வெட்டப் போன இடத்தில் உங்கள் செருப்பு வார் அறுந்ததில் தொடங்கியது எல்லாம். புளத்கொகுபிட்டியவில் செருப்புக் கடை முஸ்லிம் நானா அதைத் தைத்துக் கொடுக்கும்வரை நீங்கள் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பஸ் போய்விடும் என்று நான் பறந்தேன். உங்களுக்குக் காதே கேட்கவில்லை. "புடிச்சிருந்தா அந்தத் துண்டுகள அள்ளிட்டுப் போங்க தங்கச்சி, குப்பைக்குத்தான் போகுது" என்றார் நானா. ஒரு சீனிப் பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தீர்கள். வீட்டில் அண்ணன் பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இத வச்சி என்னா செய்யப் போற?" என்று கேட்டார்.

"என்னமோ செய்வேன். நீங்க சீட்டு வெளாடுறீங்கள்ல? அது மாதிரி" என்றீர்கள்.

பொம்பளைக்குப் பொழுதுபோக்கு என்று ஒன்று இருக்கலாம் என்பது நம் லயத்துக்கே புதுச் செய்தி. சொல்லித்தர ஆளில்லை. ஒரு பழைய கைப்பையைத் தையல் தையலாகப் பிரித்துப் பார்த்தே படித்தீர்கள். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோர்த்து, ஒரே ஓட்டைக்குள் இரண்டு பக்கமிருந்தும் ஓட்டுவதைக் கண்டுபிடித்த அன்று, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை விடும் புள்ளைக்காம்பராவில் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்த என்னிடம் ஓடிவந்து காட்டினீர்கள். ஓட்டைகள் ஒரே இடைவெளியில் விழ, துரை பங்களாவில் தூக்கிப்போட்ட முள்ளுக்கரண்டியால் அழுத்திப் புள்ளி வைத்தீர்கள். நூலுக்கு மெழுகுதிரி தேய்த்தீர்கள். ஒட்டுவதற்குச் சிரட்டையில் மிஞ்சிய ரப்பர் பால். வேறு ஊரில் இதற்கெல்லாம் கடை இருக்குமாம். நமக்கு மரம் இருந்தது.

முதலில் செய்தது உங்கள் பால் வெட்டும் கத்திக்கு ஓர் உறை. தோலை நனைத்துக் கத்திமேல் சுற்றி வடிவம் பிடித்தாயிற்று. காய வேண்டுமே? ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த புத்தி எங்கே போகும்! ரப்பர் சீட்டுகளைப் புகைபோட்டு உலர்த்தும் புகைக்கூட்டில் சீட்டோடு சீட்டாகத் தொங்கவிட்டுவிட்டு வந்தீர்கள். மறுநாள் புகைக்கூட்டுக் காவல்கார சிங்கள மாமா ஒரு குச்சியின் நுனியில் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மே மொகத, அக்கே?" என்று கேட்டார். இது என்ன என்று அவர் கேட்டதில் தப்பே இல்லை. சுருங்கிக் கறுத்து, கருவாடுபோலக் கிடந்தது. கத்தியின் நுனிகூட அதற்குள் நுழையவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "ரப்பருக்கு ஆகுறது தோலுக்கு ஆகாது போல, புள்ள."

அப்புறம்தான், நம் ஆட்கள் கை நனைக்காத கீழ் லயத்துக்குப் போனீர்கள். தப்பு மேளம் அடிக்கும் முனியாண்டி அண்ணனிடம் கேட்டால் தெரியும் என்று. அவர் அந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஈரத்தோலைச் சூட்டில் வைத்தால் இப்படித்தான் ஆகும், காற்றில் விடுங்கள் என்றாராம். அவர் வீட்டம்மா டீ கொடுத்தார். குடித்தீர்கள். டீ கொடுத்தால் குடிப்பதுதானே?

அந்த டீதான் பிறகு லயம் முழுக்க நாறியது.

டீ விஷயம் வெளியே தெரியும்வரை ஒருவருக்கும் குறை இல்லை. இரண்டாவது உறை நன்றாக வந்ததும் எனக்கொன்று உனக்கொன்று என்று வாசலில் வந்து நின்றார்கள். தலைவரே தன் வேட்டி பெல்ட்டின் கிழிந்த பையைத் தைக்கக் கொண்டுவந்து கொடுத்தார். தைத்ததைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குள்ளும் போனார். அப்போது தோல் தோலாகத் தெரியவில்லை!

அந்த வருஷம் அண்ணனைப் புடையன் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, அவர் கண் திறந்தால் பால்குடம் எடுக்கிறேன் என்று நேர்ந்தீர்கள். கண் திறந்தார். திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிற வாரம் கமிட்டி வாசலுக்கு வந்தது. "மாட்டுத்தோலத் தொட்ட கையால கொடம் தூக்கக்கூடாதும்மா. மஞ்சத்தண்ணி ஊத்திக்கிட்டு, இனிமே தொடமாட்டேன்னு அம்மா முன்னால சத்தியம் பண்ணிருங்க" என்றார் தலைவர். நான் கத்தினேன். "உங்க இடுப்புல இருக்கிறது என்னா வாழைநாரா?" என்று கேட்டேன். நீங்கள் என் கையைப் பிடித்து அமுக்கிவிட்டு, மெதுவாகத்தான் கேட்டீர்கள்.

"நான் தோலத் தொட்டதுக்கா, இல்ல கீழ் லயத்துல டீ குடிச்சதுக்கா?"

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ரெண்டுக்குந்தான்னு வச்சுக்கங்களேன்."

"மஞ்சத்தண்ணி தானே, ஊத்திட்டு விடேன்" என்றார் அண்ணன். யாருக்காக நேர்ந்ததோ அந்த மனுஷன்! அதற்குப் பிறகு இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. நீங்கள் பேசினீர்கள், சோறும் போட்டீர்கள். ஆனால் சத்தியம் பண்ணவில்லை.

திருவிழா அன்று ஆற்றங்கரையில் பூசாரி உங்களுக்குக் குடம் தூக்கிவிடவில்லை. நான் தூக்கிவிட்டேன். முன்னால் தப்பு, பின்னால் நீங்கள். கோயில் வாசல் வளைவுக்கு வந்ததும் தலைவர் குறுக்கே கை நீட்டினார். முனியாண்டி அண்ணன் அதைப் பார்த்தார். அடித்துக்கொண்டிருந்த குச்சியை இறக்கினார். அவரோடு மற்றவர்களும் நிறுத்தினார்கள். அம்மன் இன்னும் ஊர்வலத்தில் நடு ரோட்டில் இருக்கிறாள். தப்புச் சத்தம் இல்லாமல் அவள் ஓரடி நகரமாட்டாள் என்பது நம் வழக்கம்.

"அப்ப இதுவும் தோலு தானுங்களே, தலைவரே. நாங்களும் வீட்டுக்குப் போறோம்" என்றார் முனியாண்டி அண்ணன்.

தலைவருக்கு வேர்த்துப்போயிற்று. "சரி சரி, கொடம் உள்ள வரட்டும், நீங்க அடிங்க" என்றார். அதுதான் அவருடைய 'தடுத்ததில்லை'! பூசாரி ஓடிவந்து உங்களைக் கூப்பிட்டார். தப்பு மறுபடி முழங்கியது. தப்புக்காரர்கள் வழக்கம்போல வளைவுக்கு வெளியே ஒதுங்கி நின்றார்கள், உள்ளே அவர்களுக்கு இடமில்லையே. நீங்கள் அவர்களைப் பார்த்தீர்கள். பிறகு பூசாரியிடம் சொன்னீர்கள்.

"இவுங்க எதுவரைக்கும் வாராங்களோ, அதுவரைக்கும்தான் நானும். அம்மாவுக்கு இங்க நின்னாலும் கண்ணு தெரியும்."

வளைவுக்கு வெளியே இருந்த வேப்ப மரத்தடியில் பாலை ஊற்றினீர்கள். அன்று மட்டுமா? உடம்பு முடிந்தவரை ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். தோலையும் விடவில்லை. உங்கள் மகள் பெரிய பள்ளிக்கூடம் போனது நீங்கள் தைத்த பையோடுதான்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எழுந்து நின்று, வளைவில் நடந்ததை எல்லார் முன்னாலும் சொன்னேன். "விடு தங்கச்சி, காரிய வீட்டுல என்னாத்துக்கு?" என்றார் அண்ணன். அப்போதுதான் வாசலைப் பார்த்தேன், மதினி. முனியாண்டி அண்ணனுக்கும் அவர் ஆட்களுக்கும் வெளியே கொட்டகை ஓரத்தில் தனிப் பந்தி. உங்கள் வீட்டில்! உங்கள் படையலில்! யார் போட்டது என்று கேட்டேன். அண்ணன் குனிந்து சோற்றைப் பிசைந்தார். இலையைச் சோற்றோடு தூக்கிக்கொண்டு போய் முனியாண்டி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் உங்கள் மகளும் இலையோடு வந்தாள்.

முனியாண்டி அண்ணன் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். பிறகு, "வர்ற திருவிழாவுக்கு அவுக கொடத்த யாரும்மா எடுப்பா?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

"நீயும் எங்களோட வளைவுலயே நின்னுருவியா? உள்ள போக ஆச இருக்காதா?"

"ஆச இல்லாமயாண்ணே? நீங்க முன்னால உள்ள போங்க. நான் பின்னாலயே வாரேன்."