ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை

12 ஜூன் 2006, திங்கள்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மருந்தியல் வகுப்பை வைத்த புண்ணியவான் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும். நர்சிங் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள். இன்று ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள். வார்ஃபரினை முதலில் எலி கொல்லத்தான் விற்றார்கள் என்றதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதையா மேடம் மனுஷங்களுக்குக் கொடுக்கிறோம் என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்றேன். என் வீட்டிலேயே கொடுக்கிறேன் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். ரொம்ப ரசித்தார். சாப்பிட்டுக் கை கழுவியதும் உள்ளங்கையை நீட்டி, "எலி மருந்து குடு சுமா" என்றார். சங்கவி விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அப்பா எலி ஆனால் சிரிப்பு வராதா?

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இவருக்குச் சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்தபோது மாதா மாதம் பென்சிலின் ஊசி போடச் சொன்னார்களாம். ஊசி வலிக்கிறது என்று பையன் அழுதான், பாதியில் விட்டுவிட்டார்கள். அது இதயத்தைத் தின்றது. இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வைத்தார்கள். அதில் ரத்தம் கட்டாமல் இருக்க ஆயுசுக்கும் இந்த மாத்திரை.

17 ஜூன், சனி

இவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியாயிற்று. ஒரு பல்லுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம். சில நாள் முன்பே மாத்திரையை நிறுத்தி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, வயிற்றில் ஹெப்பாரின் ஊசி, பிடுங்குவதற்கு முன் ஆன்டிபயாடிக். நல்லபடியாக முடிந்தது. ரத்தம் சட்டென்று நின்றது.

பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, மாத்திரையை நிறுத்தினதால்தான் ரத்தம் நின்றதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

2 ஜூலை, ஞாயிறு

வைத்திக்குப்பத்திலிருந்து அத்தை வந்தார். காலையில் விற்றது போகக் கொஞ்சம் சங்கரா மீன் எடுத்து வந்திருந்தார். குழம்பு கொதிக்கும்போது மெல்லப் பேச்சை எடுத்தார். இந்த ஆடிக்குச் செடல் போட்டுவிட வேண்டுமாம்.

ஆபரேஷன் நடந்த அன்று தியேட்டர் வாசலில் நின்று வேண்டிக்கொண்டது. மகன் பிழைத்து வந்தால் முதுகில் கொக்கி குத்தி அம்மனுக்குத் தேர் இழுப்பான் என்று. போன வருடம் உடம்பு தேறவில்லை என்று தள்ளிப்போட்டோம். இந்த வருடம் சாக்கு இல்லை.

எவ்வளவோ பொறுமையாகச் சொன்னேன். இவருக்கு ரத்தம் இளகியிருக்கிறது, குத்தினால் நிற்காது அத்தை என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு நான் வாய் விட்டுக் கேட்டேன். அவ குடுத்தா. வாங்கிக்கினு கம்முனு இருந்தா எப்டிம்மா?"

குழம்பை இறக்கிவைத்தேன். இந்தக் கேள்வி பாடப் புத்தகத்தில் இல்லை.

9 ஜூலை, ஞாயிறு

சண்டை. அம்மாவுக்காகத்தான் இவர் செடலுக்குச் சம்மதிக்கிறார் என்று நினைத்திருந்தேன். இல்லை, இவருக்கே ஆசை. முன்பு கடலுக்குப் போன மனிதர். இப்போது கரையில் உட்கார்ந்து படகு எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறார். கனமான எஞ்சினைத் தூக்க இவரை விடுவதில்லை. கூட்டாளி அம்மாவாசை ஓடி வந்து வாங்கிக்கொள்வானாம்.

"உடைஞ்ச பானை மாரி தொட்டுத் தொட்டுப் பாக்குறானுங்க சுமா. ஒரே ஒரு நாள் முழு ஆளா நிக்கணும் எனக்கு."

கேட்கவே கஷ்டமாக இருந்தது. ஆனாலும் முடியாது என்றேன். சங்கவியின் தலை மேல் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். இப்படியெல்லாம் செய்கிற ஆளா நான்? செய்தேன். செடல் வேண்டாம், பால்குடம் எடுக்கிறேன் என்று வாயால் சொன்னார். கையை மட்டும் பிள்ளை தலையில் வைக்கவில்லை.

10 ஜூலை, திங்கள்

அத்தையிடமும் சொல்லிவிட்டாராம். பால்குடம் மட்டும்தான். அப்பாடா.

27 ஜூலை, வியாழன்

காப்புக் கட்டியாயிற்று. காப்புக் கட்டினால் பெண்டாட்டியோடு ஒரே வீட்டில் இருக்கக்கூடாது. திருவிழா முடிகிற வரை அம்மா வீட்டில்தான். மஞ்சள் வேட்டியில் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். மாத்திரை அட்டையைப் பையில் வைத்து, எப்போது போட வேண்டும் என்று நூறு தடவை சொன்னேன். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொல்கிறாய் என்று கிண்டல் செய்தார்.

31 ஜூலை, திங்கள்

தினமும் சாப்பாட்டு நேரத்துக்கு செல்லில் கூப்பிடுகிறேன். போட்டாச்சா? போட்டாச்சு. வேறு பேச்சுக்கு நேரமில்லையாம், பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஊரெல்லாம் சிக்குன்குனியா. வகுப்பில் பாதி பெஞ்சு காலி. இருந்தவர்களை வைத்துத் தடுப்பூசிப் பாடத்தை முடித்தேன்.

4 ஆகஸ்ட், வெள்ளி

எப்படி எழுதுவது? எழுதித்தான் ஆக வேண்டும்.

சங்கவியை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவோரம் நின்றேன். பால்குடங்கள் வரிசையாகப் போயின. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இவர் இல்லை. அதற்குப் பின்னால் மேளம், அதற்குப் பின்னால் செடல்காரர்கள். அம்மாவாசைக்குப் பக்கத்தில் இவர். முதுகில் கொக்கிகள், கொக்கியில் கயிறு, கயிற்றின் முனையில் சின்னத் தேர்.

சத்தியமா? இதுக்குத்தான் கைய வெக்கலியா நீ? பாவி.

ஓடினேன். கண் முதுகுக்குத்தான் போனது. கொக்கி நுழைந்த இடமெல்லாம் தோல் இழுபட்டு நின்றது. சிவப்பே இல்லை. மஞ்சளும் வேர்வையும்தான். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். அத்தை கூட்டத்திலிருந்து வந்து என் தோளைப் பிடித்தார்.

"பாத்தியா? ஒரு சொட்டு வந்துதா? சொல்லு, ஒரு சொட்டு?"

இல்லை அத்தை என்றேன். பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டு அந்தத் தெருவிலேயே கைகூப்பினேன். இத்தனை வருடப் படிப்பு எங்கேயோ போய்விட்டது. இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை.

6 ஆகஸ்ட், ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டார். பேசக்கூடாது என்றுதான் இருந்தேன், முடியவில்லை. காயத்தைத் துடைத்துவிட்டேன். சீழ் இல்லை, வீக்கம் இல்லை. என் கையால் மருந்து போட்டிருந்தாலும் இவ்வளவு சுத்தமாக ஆறியிருக்காது. எப்படி என்றால், "அம்மாளக் கேளு" என்கிறார். அதோடு விட்டுவிட்டேன். வீடு நிறைந்திருந்தது.

9 ஆகஸ்ட், புதன்

காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். சொம்பு விழுந்த சத்தம். வாய் ஒரு பக்கம் கோணி — வலது கை தூக்க வரல — என்னப் பாத்து என்னமோ சொல்றாரு, வார்த்தையே இல்ல அதுல. ஆட்டோ. ஐயோ ஆட்டோ கெடைக்கல. பக்கத்து வீட்டு வண்டியில போட்டு —

10 ஆகஸ்ட், வியாழன்

பெரிய ஆஸ்பத்திரி. வால்வில் ரத்தம் கட்டி, அதில் ஒரு துணுக்கு மூளைக்குப் போயிருக்கிறது. மாத்திரையை விட்டுவிட்டாரா என்று டாக்டர் கேட்டார். இல்லவே இல்லை, தினமும் நான் கேட்டேன் என்று சண்டைக்குப் போனேன். அவர் ரிசல்ட் தாளை என் பக்கம் திருப்பினார். ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று காட்டும் எண், இவருக்கு இரண்டரைக்கு மேல் இருக்க வேண்டியது. ஒன்று புள்ளி இரண்டு. மருந்தே சாப்பிடாத ஆளின் ரத்தம்.

பேச்சு திரும்புமா என்றேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

12 ஆகஸ்ட், சனி

அம்மாவாசை வார்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. நானே வெளியே போனேன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். பால்குடம் என்று என்னிடம் சொன்ன அன்றே, செடல்தான் என்று இவர் முடிவு பண்ணிவிட்டாராம். செடல் போடுகிற எல்லோரையும் கூட்டிப்போய் டி.டி. தடுப்பூசி போட வைத்தாராம். காயம் சீழ் பிடிக்கக்கூடாது என்று ஆன்டிபயாடிக் கேப்சூல் வாங்கி நாள் தவறாமல் விழுங்கினாராம். காப்புக் கட்டியதிலிருந்து எலி மருந்தை மட்டும் நிறுத்திவிட்டாராம்.

"பல்லு புடுங்கச் சொல்லோ டாக்டரே நிறுத்தினாரு, ஒண்ணும் ஆவலன்னான் அண்ணி. செடல் கழட்டுன அன்னிக்கே திரும்பப் போட ஆரம்பிச்சிட்டான். எல்லாம் சுமா கிட்ட கத்துக்கினதுன்னு பெருமையா சொன்னான்."

அந்த ஹெப்பாரின் ஊசி எதற்கு என்று இவருக்கு யாரும் சொல்லவில்லை. டாக்டர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மாத்திரை இல்லாத நாட்களில் அந்த ஊசிதான் வால்வைக் காத்தது. இவர் கண்ணுக்கு அது இன்னொரு ஊசி, அவ்வளவுதான். திரும்பப் போட ஆரம்பித்தாலும் மாத்திரை பிடிக்க ஒரு வாரம்போல் ஆகும் என்பதும் இவருக்குத் தெரியாது.

தடுப்பூசி சரி. ஆன்டிபயாடிக்கும் சரி என்றே வைத்துக்கொள்ளலாம். மூன்றில் இரண்டு. என் பிள்ளைகள் இப்படி எழுதினால் பாஸ் போட்டிருப்பேன்.

ரத்தம் வராததைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாத்திரை வேலை செய்கிற உடம்பில் கொக்கி குத்தினால் வேட்டி நனைந்திருக்கும். நான் கும்பிட்டேன்.

15 ஆகஸ்ட், செவ்வாய்

அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை, ஊசி, கட்டி. கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "நீ தடுத்த இல்ல? பால்கொடம்னு அம்மன் கிட்டயே பொய் சொல்ல வெச்ச. அந்தக் கோவம்" என்றார்.

வார்டு என்றும் பாராமல் கத்திவிட்டேன். உங்க வேண்டுதல்தான் அத்த, உங்க வேண்டுதல்தான் இவரப் படுக்க வெச்சிது. நர்ஸ் வந்து என் கையைப் பிடித்தாள். என்னிடம் படித்த பெண். மேடம், வெளியே வாங்க என்றாள்.

திரும்பி வந்து பார்த்தபோது அத்தை மகனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். பாதி கன்னத்தில் வழிந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினார். அவரும் என்னைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. இவர் மட்டும் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

3 செப்டம்பர், ஞாயிறு

வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வால்வில் இருந்த கட்டி மருந்தில் கரைந்துவிட்டது. கையும் பேச்சும் வரவில்லை.

22 செப்டம்பர், வெள்ளி

சங்கவி அவளுடைய ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு அப்பாவுக்குப் பாடம் நடத்துகிறாள். அம்மா, ஆடு, இலை. இவர் அவள் வாயையே பார்க்கிறார். அவருக்கு எல்லாம் புரிகிறது, அதுதான் கொடுமை. தப்பாக வரும்போது தலையைத் திருப்பிக்கொள்கிறார்.

30 அக்டோபர், திங்கள்

அதே பாடம் இன்று புது பேட்ச்சுக்கு. எலிக் கதையைச் சொல்லவில்லை. வார்ஃபரின் சாப்பிடுகிறவரிடம் என்னென்ன கேட்க வேண்டும்? கீரை சாப்பிடுகிறாரா, குடிக்கிறாரா, வேறு மாத்திரை உண்டா. புத்தகத்தில் இருப்பது அவ்வளவுதான். அவர் பேரில் வேண்டுதல் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள் என்றேன். கேலி செய்யாமல் கேளுங்கள், வேண்டாம் என்று அதட்டினால் உங்களிடம் சொல்ல மாட்டார்கள், மறைத்துத்தான் செய்வார்கள் என்றேன்.

முதல் பெஞ்சுக்காரி, இது பரீட்சைக்கு வருமா மேடம் என்று கேட்டாள்.

19 நவம்பர், ஞாயிறு

அத்தை இப்போது எங்களோடுதான் இருக்கிறார். மீன் விற்கப் போவதில்லை. இருவரும் பழையதைப் பேசுவதில்லை. புதிதாக ஏதாவது வேண்டிக்கொண்டாரா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். நம்பினேன்.

ஆஸ்பத்திரியில் இருந்தபோது விழுங்குவதில் சிரமம் என்று, மாத்திரை கொடுத்ததும் வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே தங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இப்போது நன்றாக விழுங்குகிறார், அதெல்லாம் தேவையில்லை. ஆனாலும் இவர் விடவில்லை. இன்றும் இடது கையால் மாத்திரையை வாங்கிப் போட்டு, தண்ணீர் குடித்து, வாயைப் பெரிதாகத் திறந்தார். நாக்கைத் தூக்கிக் காட்டினார்.

வேணாங்க, எனக்கு நம்பிக்கை இருக்கு என்றேன். மூடவில்லை. எச்சில் வழிய, என் முகத்தையே பார்த்தபடி திறந்துவைத்திருந்தார்.

நான் குனிந்து உள்ளே பார்த்தேன். சரி என்றேன். அப்புறம்தான் வாயை மூடினார்.